சொல்லாமல் கூட்டிப்போகும் பிறந்தநாள் தீம் பார்க் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தீம் பார்க்குக்குப் போகிறோம் என்று தெரிந்தவர் முந்தின இரவு சீக்கிரம் படுப்பார், நடக்கத் தோதான ஷூவைப் போடுவார், எந்தெந்த ரைடில் ஏறலாம் என்று தேடிப் பார்ப்பார், பயணத்தில் குமட்டும் ஆளாக இருந்தால் மாத்திரையும் எடுத்து வைப்பார். சர்ப்ரைஸாகக் கூட்டிப்போகப்படுபவருக்கு இந்த வாய்ப்பு எதுவும் கிடையாது. அவர் தமக்குச் செய்துகொண்டிருக்கக்கூடிய அத்தனையையும் அவருக்காக நீங்கள் செய்தாக வேண்டும். ரகசியத்தைக் காப்பதைவிட இதுதான் பெரிய வேலை.

சர்ப்ரைஸ் எல்லோருக்கும் ஒத்துவருமா?

வராது. திடீர் மாற்றத்தைத் தாங்க முடியாத குழந்தைகள் உண்டு. ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பலருக்கு, இன்று இன்னது நடக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் நிம்மதி. கூட்டம், இரைச்சல், பளிச்சிடும் விளக்கு எல்லாம் ஒன்றாக வந்து விழும் இடத்துக்கு அவர்களைச் சொல்லாமல் கூட்டிப்போவது பரிசாகாது. ஒரு வாரம் முன்பே சொல்லி, பூங்காவின் வரைபடத்தையும் ரைடு வீடியோக்களையும் காட்டிவிடுங்கள். சர்ப்ரைஸாக வேறு சின்ன விஷயத்தை வைத்துக்கொள்ளலாம்: பிடித்த நண்பன் அங்கே வந்து சேர்வது போல.

பெரியவர்களுக்குத் திட்டமிடும்போது உடல்நிலையை மறந்துவிடுகிறார்கள். கர்ப்பிணிகள், இதயக் கோளாறு உள்ளவர்கள், கழுத்து அல்லது முதுகுத்தண்டில் பிரச்சினை உள்ளவர்கள், அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் வேகமான ரைடுகளில் ஏறக் கூடாது என்று பூங்காக்கள் பொதுவாக எழுதிவைத்திருக்கின்றன. இவற்றில் சிலதை ஒருவர் நண்பர்களிடம் சொல்லியே இருக்க மாட்டார். எனவே அவருடைய துணையோ வீட்டில் ஒருவரோ திட்டத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். வேலைக்குப் போகிறவர் என்றால் அன்று அவருக்கு விடுப்புக் கிடைக்குமா என்பதையும் அவர்கள் வழியாகவே பார்த்துக்கொள்ளலாம்.

பிறந்தநாள் அன்றேதான் போக வேண்டுமா?

தேவையில்லை. பள்ளி நடக்கும் காலத்து வாரநாள்தான் பூங்காவுக்கு நல்ல நாள். பிறந்தநாள் விடுமுறை நாளில் வந்தால், அதற்கு முந்தைய வாரத்தில் ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். கூட்டம் குறையும் என்பது ஒரு லாபம். பிறந்தநாளுக்கு முன்பே நடக்கும் என்று யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள் என்பது இன்னொன்று.

தேதியை முடிவு செய்வதற்கு முன் பூங்காவின் இணையதளத்தில் மூன்றைப் பாருங்கள்: அன்றைய திறப்பு நேரமும் மூடும் நேரமும், பராமரிப்புக்காக மூடியிருக்கும் ரைடுகளின் பட்டியல், தனியார் நிகழ்ச்சி ஏதாவது இருந்து பூங்கா சீக்கிரம் மூடுகிறதா என்பது. கூட்டம் குறைவான பருவத்தில்தான் பெரிய ரைடுகளைப் பராமரிப்புக்கு நிறுத்துவார்கள். ஆள் இல்லாத நாள் என்று சந்தோஷப்பட்டுப் போய் நின்றால், குழந்தை ஆசைப்பட்ட அந்த ஒரு ரைடு மூடியிருக்கும்.

உயரக் கட்டுப்பாடு விஷயத்தில் என்ன செய்ய வேண்டும்?

இந்தப் பயணங்களில் கண்ணீர் வருவது பெரும்பாலும் இங்கேதான். ஒரு மணி நேரம் வரிசையில் நின்ற பிறகு அளவுகோலுக்குக் கீழே தலை நின்றுவிட்டால் குழந்தைக்கு ஆறுதல் சொல்ல முடியாது. பலகைகளில் அடிக்கடி வரும் அளவுகள் 102, 112, 122, 132, 140 செ.மீ. இவை முறையே 40, 44, 48, 52, 55 அங்குலத்துக்குச் சமம். துணிச்சலுக்காக வைத்த அளவு இல்லை இது. மடியை அழுத்தும் கம்பியும் தோள் பூட்டும் அந்த உயரத்துக்கு மேல் உள்ள உடம்பைத்தான் சரியாகப் பிடித்துவைக்கும். ஊழியரிடம் கெஞ்சிப் பயனில்லை, கெஞ்சவும் கூடாது. சின்னக் குழந்தைகளின் ரைடுகளில் இதற்கு நேர்மாறாக, இந்த உயரத்துக்கு மேல் ஏறக் கூடாது என்று இருக்கும்.

சந்தேகம் வராமல் அளக்க, பள்ளிச் சீருடை, விளையாட்டுப் படிவம் என்று ஏதாவது ஒரு காரணம் சொல்லுங்கள். வெறுங்காலுடன் குதிகால் சுவரைத் தொட நிற்கவைத்து, கெட்டி அட்டை போட்ட புத்தகத்தின் ஒரு விளிம்பு சுவரில் படிய, தலை மேல் மட்டமாக வைத்துப் பென்சிலால் குறியுங்கள். தலையில் கொண்டை இருந்தால் அவிழ்த்துவிடுங்கள். சாயங்காலம் அளப்பது நல்லது, ஏனென்றால் நாள் முழுக்க நின்று நடந்ததில் முதுகுத்தண்டின் வட்டுகள் அழுந்தி, காலையில் இருந்த உயரத்தில் ஒரு செ.மீ. வரை குறைந்திருக்கும். ரைடின் அளவுக்கும் குழந்தையின் உயரத்துக்கும் ஒரு செ.மீ.கூட இடைவெளி இல்லையென்றால் அந்த ரைடைக் கணக்கில் சேர்க்காதீர்கள். சில இடங்களில் ஷூவைக் கழற்றச் சொல்லி அளப்பார்கள், அதனால் தடித்த அடிப்பாகமுள்ள ஷூவை நம்பிப் போக வேண்டாம்.

பிறகு ரைடுகளை நிச்சயம் ஏறலாம், சந்தேகம், முடியாது என்று மூன்றாகப் பிரியுங்கள். மூன்றாவது பட்டியலில் இருப்பதன் வீடியோவைக் குழந்தைக்குக் காட்டவே காட்டாதீர்கள். பூங்காவுக்குள் போனதும் விருந்தினர் சேவை மையத்தில் உயரத்தை அளந்து வண்ணக் கைப்பட்டை கட்டுவார்களா என்று கேளுங்கள். கட்டினால் ஒவ்வொரு ரைடு வாசலிலும் நெஞ்சு படபடக்க நிற்க வேண்டியதில்லை.

பருமனான உடல்வாகு உள்ள பெரியவர் என்றால், பல ரோலர் கோஸ்டர்களின் வாசலில் மாதிரி இருக்கை ஒன்று வைத்திருப்பார்கள். கூட்டம் இல்லாத நேரம் பார்த்து, நீங்களும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். எல்லோர் முன்னிலையிலும் ரைடிலிருந்து இறக்கிவிடப்படும் சங்கடம் பிறந்தநாளில் யாருக்கும் வரக் கூடாது.

ரகசியம் பெரும்பாலும் எப்படிக் கசிகிறது?

வாய் வழியாகக் கசிவதைவிட இப்போது போன் வழியாகக் கசிவதே அதிகம். டிக்கெட் எடுத்த மறுநொடி வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வரும். அதில் பூங்காவின் பெயர் இருக்கும். உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் வந்ததும் சில மின்னஞ்சல் சேவைகள் தாமாகவே நாட்காட்டியில் குறித்துவிடும், அந்த நாட்காட்டி குடும்பம் முழுவதற்கும் தெரியும். வீட்டு டேப்லெட்டில் நீங்கள் தேடியது, குழந்தை அதே முதல் இரண்டு எழுத்தைத் தட்டும்போது கீழே வந்து நிற்கும். அன்றிரவே வீடியோ தளத்தில் அந்தப் பூங்காவின் விளம்பரம் ஓடும். பூங்காவின் செயலியை இறக்கினால், "உங்கள் பயணத்துக்கு இன்னும் 3 நாள்" என்று திரையில் எட்டிப் பார்க்கும்.

சரிசெய்வது எளிது. வீட்டில் யாரும் பார்க்காத மின்னஞ்சல் முகவரியில் பதிவு செய்யுங்கள். தேடுவதை அலுவலகக் கணினியிலோ பிரவுசரின் மறைநிலைத் தாவலிலோ வைத்துக்கொள்ளுங்கள். செயலியை இறக்கியதும் அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள். வரைபடச் செயலியில் சமீபத்தில் தேடிய இடங்களை அழியுங்கள். வண்டியை எடுத்ததும் திரையில் பூங்காவின் பெயர் பெரிதாக வராமல் இருக்க, பக்கத்தில் உள்ள வேறு ஒரு கட்டடத்தை இலக்காகப் போடுங்கள்.

அதற்குப் பிறகு மனிதர்கள். தம்பி தங்கைகளுக்கு அன்று காலை வரை சொல்ல வேண்டாம், ஆறு வயதுக் குழந்தையிடம் ரகசியத்தைக் கொடுத்துக் காக்கச் சொல்வது அதற்கே பாரம். எல்லோரும் மறந்துவிடும் ஓட்டை ஒன்று இருக்கிறது: பிறந்தநாள் காலையில் வாழ்த்துச் சொல்லக் கூப்பிடும் தாத்தா பாட்டி. "என்ன கண்ணு, கிளம்பியாச்சா?" என்ற ஒரே வரியில் ஆறு வாரத் திட்டம் போய்விடும். எத்தனை மணிக்குச் சொல்லப்போகிறீர்கள் என்று அவர்களிடம் சொல்லி, அதற்குப் பிறகு கூப்பிடச் சொல்லுங்கள்.

எங்கே போகிறோம் என்று கேட்டால் என்ன சொல்வது?

சொல்லும் காரணம் கொஞ்சம் சப்பென்று இருக்க வேண்டும். ஆனால் குழந்தைக்குப் பிடிக்காததாகவும் இருக்கக் கூடாது, மிகவும் பிடித்ததாகவும் இருக்கக் கூடாது. பல் மருத்துவரிடம் போகிறோம் என்றால் வழியெல்லாம் அழுகை. பாட்டி வீட்டுக்கு என்று சொல்லி, பாட்டி மேல் உயிராக இருக்கும் பிள்ளையைப் பூங்கா வாசலில் இறக்கினால், "அப்போ பாட்டி?" என்றுதான் முதலில் கேட்கும்.

இன்னொரு சோதனையும் உண்டு. நீங்கள் சொல்லும் காரணத்துக்கும் உண்மையான பயணத்துக்கும் ஒரே நேரத்தில் எழ வேண்டும், ஒரே ஷூ போட வேண்டும், ஒரே திசையில் போக வேண்டும். விசேஷ வீட்டுக்கு என்று சொன்னால் பட்டு உடையும் புதுச் செருப்பும் வந்துவிடும். ஒரு சாமான் வாங்க வெளியூர் போகிறோம், நிறைய நடக்க வேண்டியிருக்கும், அதனால் விடிகாலையிலேயே கிளம்புகிறோம் என்பது போன்ற காரணம் எல்லாவற்றுக்கும் பொருந்தும். இதை வீட்டில் ஒருவர் மட்டும் சொல்லட்டும். இரண்டு பேர் சொன்னால் விவரம் முரண்படும். குழந்தைகள் அதைச் சரியாகப் பிடித்துவிடுவார்கள்.

எப்போது விஷயத்தைச் சொல்வது?

பூங்கா வாசலில் சொல்லத்தான் எல்லோருக்கும் ஆசை. படம் நன்றாக வரும் என்பது உண்மை. ஆனால் வாசலில் கூட்டம், பாதுகாப்புச் சோதனை, வெயில். வண்டியில் தூங்கி அப்போதுதான் எழுந்த குழந்தை. எதிர்பார்த்த குதியாட்டம் வராமல் திருதிருவென்று விழிப்பதுதான் நடக்கும். போய்ச் சேருவதற்கு ஒரு மணி நேரம் முன்பு, வீட்டில் காலை உணவின்போதோ வண்டியிலோ சொல்வதே நல்லது என்பது எங்கள் உறுதியான கருத்து. எதை முதலில் ஏறலாம் என்று பேசிக்கொண்டே போகும் அந்த ஒரு மணி நேரமும் பரிசில் சேர்ந்ததுதான். கழிவறைக்குப் போய்வருவது, மாத்திரை போடுவது, சன்ஸ்கிரீன் தடவுவது எல்லாம் அந்த நேரத்தில் முடிந்துவிடும்.

சொல்லும் விதம் எளிமையாக இருக்கட்டும். பூங்காவின் வரைபடத்தை அச்செடுத்து, மடித்து, ஒரு பெட்டியில் வைத்துக் கையில் கொடுத்தாலே போதும். பத்துத் துப்புகள் கொண்ட புதிர் விளையாட்டு சின்னப் பிள்ளைகளைக் களைப்பாக்கும். குழந்தை கத்தாமல் அமைதியாகிவிட்டால் பிடிக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். விஷயம் உள்ளே இறங்க நேரம் எடுக்கும். "சந்தோஷமா இல்லையா?" என்று கேட்டு நச்சரிக்காதீர்கள். வீடியோ எடுப்பதென்றால் போனை ஓர் இடத்தில் சாய்த்து முன்பே ஓடவிட்டுவிடுங்கள், முகத்துக்கு நேரே நீட்டினால் பிள்ளை போனைத்தான் பார்க்கும்.

டிக்கெட் எடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் வயது. பூங்காக்கள் வருகை தரும் நாளன்று உள்ள வயதைத்தான் பார்க்கும், பிறந்தநாள் என்றால் அன்றுதான் வயது மாறுகிறது. அமெரிக்காவின் டிஸ்னி பூங்காக்களில் 3 முதல் 9 வயது வரை குழந்தை டிக்கெட், 10 முடிந்துவிட்டால் பெரியவர் டிக்கெட். டோக்கியோ டிஸ்னியில் குழந்தை என்பது 4 முதல் 11 வரை, பாரிஸ் டிஸ்னிலேண்டில் 3 முதல் 11 வரை. வேறு சில பூங்காக்கள் வயதை விட்டுவிட்டு உயரத்தை வைத்துக் கட்டணம் போடுகின்றன. எல்லைக் கோட்டில் நிற்கும் பிள்ளைக்கு, பிறந்தநாளுக்கு ஒரு நாள் முன்னால் போனால் ஒரு கட்டணம், அன்றே போனால் வேறு கட்டணம்.

தேதி குறித்த டிக்கெட்டா, எந்த நாளிலும் போகக்கூடிய டிக்கெட்டா என்று பாருங்கள். குழந்தைக்கு முந்தின இரவு காய்ச்சல் வந்தால் தேதியை மாற்ற முடியுமா, எத்தனை மணி நேரம் முன்பு மாற்ற வேண்டும் என்பதைப் பணம் கட்டுவதற்கு முன் படித்துவிடுங்கள். டிக்கெட்டுகளை இரண்டு பேர் போனில் வைத்துக்கொள்ளுங்கள், படமாகவும் சேமியுங்கள். வாசலில் இணையம் திணறுவது சகஜம்.

விரைவு வரிசை டிக்கெட் வாங்கலாமா?

வாரநாளில், திறக்கும் நேரத்துக்கே போய்விடுவீர்கள் என்றால் பெரும்பாலும் தேவைப்படாது. விடுமுறை நாளில் போய்த்தான் ஆக வேண்டும் என்றால், மற்ற செலவைக் குறைத்தாவது வாங்குங்கள். வாங்கும் முன் எந்தெந்த ரைடுகள் அதில் அடங்கும், ஒவ்வொன்றிலும் ஒரு முறையா, எத்தனை முறை வேண்டுமானாலுமா என்று பாருங்கள். டிஸ்னியில் ஃபாஸ்ட்பாஸ் என்று 1999இல் தொடங்கி 2021 வரை இது இலவசமாக இருந்தது. அமெரிக்க டிஸ்னி பூங்காக்களில் இப்போது அது லைட்னிங் லேன் என்ற பெயரில் கட்டணச் சேவை.

வரிசையின் நீளத்தைப் பார்த்து நேரத்தைக் கணக்கிடாதீர்கள். 24 பேர் ஏறும் ரோலர் கோஸ்டர் 90 நொடிக்கு ஒன்றாகப் புறப்பட்டால் மணிக்கு 40 முறை, அதாவது 960 பேர். முன்னால் 480 பேர் நின்றாலும் அரை மணியில் ஏறிவிடலாம். சின்னக் குழந்தைகள் சுற்றும் ரைடிலும் 24 பேர் ஏறலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றி, பெல்ட் போட்டு, சுற்றி, இறக்க 5 நிமிடம் ஆனால் மணிக்கு 288 பேர்தான். அங்கே அரை மணி காத்திருக்க 144 பேர் நின்றாலே போதும். ஆகவே வாண்டுகளுக்கான ரைடுகளைத்தான் காலையிலேயே முடிக்க வேண்டும். வரிசை சிறிதாகத் தெரிகிறதே, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் மதியம் அதுவே நாளை விழுங்கிவிடும்.

அன்றைய நாளை எந்த ஒழுங்கில் கொண்டுபோவது?

திறப்பதற்கு 45 நிமிடம் முன்பே வாசலில் இருங்கள். உள்ளே போனதும் கூட்டம் கண்ணில் படும் முதல் ரைடிலேயே தேங்கும். நீங்கள் நிற்காமல் பூங்காவின் கடைசி மூலைக்கு நடந்து, அங்கிருந்து வாசலை நோக்கி வாருங்கள். முதல் ஒரு மணி நேரத்தில் ஏறுவதை மதியம் ஏற இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும். காலை 11 முதல் 3 வரை வரிசைகள் உச்சத்தில் இருக்கும். அந்த நேரத்தை உட்கார்ந்து பார்க்கும் நிகழ்ச்சிகளுக்கும் உணவுக்கும் நிழலுக்கும் ஒதுக்குங்கள். 11 மணிக்கே சாப்பிட உட்கார்ந்தால் உணவக வரிசையிலிருந்து தப்பிக்கலாம். சுற்றும் ரைடுகள் சாப்பாட்டுக்கு முன். நனைக்கும் ரைடுகள் வெயில் உச்சியில், அதுவும் மாற்றுடை கையில் இருக்கும்போது மட்டும். ஈரமான ஜீன்ஸுடன் நாள் முழுக்க நடந்தால் தொடை உராய்ந்து புண்ணாகும்.

பிறந்தநாளின் முக்கியமான தருணத்தைக் கடைசிக்கு ஒதுக்காதீர்கள். பெரிய பூங்காவில் ஒரு நாளில் 10 கி.மீ.க்கு மேல் நடப்பது சாதாரணம். சாயங்காலம் ஆறு மணிக்குக் குழந்தையிடம் மிச்சம் இருப்பது எரிச்சல் மட்டுமே. கேக், பரிசு, முக்கியமான ரைடு எல்லாம் மதியத்துக்குள் நடந்துவிட வேண்டும்.

திட்டம் முழுவதும் உங்களுடையதாக இருந்ததால், உள்ளே போன பிறகு முடிவுகளைப் பிறந்தநாள் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள். நீங்கள் பட்டியல் போட்ட ஏழு ரைடுகளில் நாலு மட்டும் நடந்து, பிடித்த ஒன்றிலேயே ஐந்து முறை ஏறினாலும் அது நல்ல நாள்தான்.

கேக்கை உள்ளே கொண்டுபோக முடியுமா?

பெரும்பாலும் முடியாது. வெளி உணவுக்குத் தடை இருக்கலாம். மெழுகுவர்த்திக்கும் லைட்டருக்கும் வாசலிலேயே மறுப்பு வரலாம். அனுமதி இருந்தாலும் சூடுதான் பிரச்சினை. கிரீம் கேக்கை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். மூடிய வண்டியில் அதைவிட வேகமாகக் கெடும். பூங்காவின் உணவகத்தில் முன்கூட்டியே சொல்லிவைத்தால் பல இடங்களில் கேக் ஏற்பாடு செய்வார்கள்; எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும் என்று போனில் கேட்டு, பேசியவரின் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அது இல்லையென்றால் காலையிலேயே வீட்டில் வெட்டிவிடுங்கள்.

பரிசு, பலூன், வேடம்?

பரிசைக் காகிதம் சுற்றாமல் கொண்டுபோங்கள், சோதனையில் பிரிக்கச் சொல்வார்கள். நாள் முழுக்கத் தூக்க வேண்டியிருப்பதால் பெரிய பரிசை வீட்டிலேயே வைத்துவிடலாம். பலூனுக்குப் பல இடங்களில் தடை உண்டு. ஃபுளோரிடாவின் டிஸ்னி அனிமல் கிங்டமில் விலங்குகளின் பாதுகாப்புக்காகவே பலூன் கூடாது. கண்ணாடிப் புட்டி, பட்டாசு வகை, வெடித்துக் காகிதம் தெறிக்கும் குழல் எதையும் எடுத்துப் போகாதீர்கள். டிஸ்னி பூங்காக்கள் செல்ஃபி ஸ்டிக்கை 2015இலேயே தடை செய்துவிட்டன. அமெரிக்க டிஸ்னி பூங்காக்களில் 14 வயதிலிருந்து கதாபாத்திர வேடம் போட வழக்கமான நாட்களில் அனுமதி இல்லை.

பிறந்தநாள் என்று சொன்னால் பேட்ஜ் தரும் பூங்காக்கள் உண்டு. அமெரிக்க டிஸ்னி பூங்காக்களில் இலவசமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், டோக்கியோவில் ஸ்டிக்கர் தருகிறார்கள். அதைக் குத்திக்கொண்டு போனால் வழியில் பார்க்கும் ஊழியர்கள் எல்லாம் வாழ்த்துவார்கள். கூச்ச சுபாவமுள்ளவர் என்றால் விட்டுவிடுங்கள்.

பையில் என்ன இருக்க வேண்டும்?

ஏற்கெனவே பழகிய ஷூ (புதுசு வேண்டவே வேண்டாம்), ஒரு மாற்றுடை, இரண்டு ஜோடி காலுறை, மெல்லிய மழைக்கோட்டு, தொப்பி, சன்ஸ்கிரீன், கொப்புளத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர், ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில், பவர் பேங்க், போனை வைக்க ஜிப் உள்ள பிளாஸ்டிக் உறை, வாந்திக்கு இரண்டு கெட்டிப் பை. பிறந்தநாள்காரரின் துணிகளை அலமாரியிலிருந்து எடுக்கும்போது அவருக்கு மிகப் பிடித்த சட்டையை எடுக்காதீர்கள். அதைத்தான் அவர் முதலில் தேடுவார். தண்ணீர்ப் பூங்கா என்றால் பருத்தி உடையைப் பல இடங்களில் சறுக்குகளில் அனுமதிப்பதில்லை, நைலான் நீச்சல் உடை எடுத்துக்கொள்ளுங்கள்.

தலைசுற்றல், குமட்டல் வந்தால்?

கண் ஒன்றைச் சொல்ல, உள்காது வேறொன்றைச் சொல்வதால் வருவது இது. 3டி திரை ரைடில் கண்ணுக்கு எல்லாம் பறக்கிறது, உடம்போ அந்த அளவுக்கு நகரவில்லை. அப்போது திரையின் விளிம்பையோ முன் இருக்கையையோ பார்க்கச் சொல்லுங்கள், சில நொடி கண்ணை மூடினாலும் குறையும். வெறும் வயிறும் ஆகாது, எண்ணெய்ப் பண்டம் நிறைந்த வயிறும் ஆகாது. ஒரு சுற்று குமட்டிவிட்டால் அரை மணி நேரம் நிழலில் உட்காரவைத்து, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.

மாத்திரை போடுவதென்றால் அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னதாகப் போட்டால்தான் வேலை செய்யும். வாசலில் வைத்துச் சொல்ல வேண்டாம் என்பதற்கு இது இன்னொரு காரணம். குழந்தைக்கு எந்த மருந்து, எவ்வளவு என்பதை முன்பே மருத்துவரிடம் கேட்டுவையுங்கள். சில மருந்துகள் தூக்கத்தை வரவழைக்கும் என்பதால், அன்றுதான் முதல் முறையாகக் கொடுத்துப் பார்ப்பது சரியில்லை.

வரிசையில் நின்ற பிறகு பயந்துவிட்டால்?

ஏற்றாதீர்கள். அழுகிற பிள்ளையை வற்புறுத்தி ஏற்றினால் அன்று வேறு எந்த ரைடுக்கும் வராது. கடைசிப் படியில்கூட ஊழியரிடம் சொன்னால் வெளியே போகும் வழியைக் காட்டுவார்கள். பயத்தைக் குறைக்கும் வழி, வெளியே நின்று அந்த ரைடு இரண்டு மூன்று முறை போய்வருவதைப் பார்க்கவைப்பதுதான். இறங்குபவர்களின் முகத்தையும் பார்க்கட்டும். முதல் கோஸ்டர் சின்னதாக இருக்கட்டும். ரயிலின் நடுவில் உட்காரவையுங்கள். கடைசி வரிசை வேண்டாம். உச்சியைத் தாண்டிய முன் பெட்டிகள் பின்பெட்டியை வேகமாக இழுப்பதால், கடைசியில் இருப்பவருக்குத்தான் இருக்கையிலிருந்து தூக்கி எறிவது போன்ற உணர்வு அதிகம்.

கைக்குழந்தையும் உடன் வந்தால்?

பெரியவர் இருவரில் ஒருவர் குழந்தையுடன் வெளியே இருக்க, மற்றவர் ஏறி இறங்கியதும் இவர் முழு வரிசையிலும் நிற்காமல் ஏறிக்கொள்ளும் வசதி பல பூங்காக்களில் உண்டு. டிஸ்னியில் ரைடர் ஸ்விட்ச் என்றும் யுனிவர்சலில் சைல்ட் ஸ்வாப் என்றும் பெயர். வரிசையில் நுழைவதற்கு முன்பே வாசல் ஊழியரிடம் சொல்ல வேண்டும். பிறந்தநாள் பிள்ளை பெரும்பாலும் இரண்டு முறையும் ஏறிக்கொள்ளலாம் என்பது இதிலுள்ள கூடுதல் சந்தோஷம்.

நண்பர்களையும் சேர்த்து எத்தனை பேரைக் கூட்டிப்போகலாம்?

பல ரைடுகளில் இருக்கைகள் இரண்டிரண்டாக இருப்பதால் பிள்ளைகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்கட்டும். ஒற்றைப்படை என்றால் யாரோ ஒருவர் முகம் தெரியாதவருடன் உட்கார வேண்டிவரும். உயரம் ஏறத்தாழ ஒன்றாக இருப்பவர்களாகப் பாருங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு ரைடிலும் ஒரு பிள்ளை வெளியே நிற்கும். மூன்று அல்லது நான்கு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் வேண்டும். நண்பர்களிடம் சொல்லாமல் அவர்களின் பெற்றோரிடம் மட்டும் சொல்லுங்கள்; ஒவ்வாமை, மருந்து, எந்த ரைடு வேண்டாம் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கூட்டத்தில் தவறிவிட்டால்?

காலையில் வாசலிலேயே எல்லாப் பிள்ளைகளையும் அன்றைய உடையில் ஒரு படம் எடுங்கள். சட்டை நிறத்தைப் பதற்றத்தில் யாரும் சரியாகச் சொல்வதில்லை. போன் எண்ணைப் பேனாவால் முன்கையின் உட்புறத்தில் எழுதுங்கள், பெயரை வெளியே தெரியும்படி எழுத வேண்டாம். தவறிவிட்டால் நடக்காமல் அங்கேயே நின்று, சீருடை போட்ட ஊழியரிடம் சொல்ல வேண்டும் என்று பழக்குங்கள். அந்தச் சீருடை எப்படி இருக்கும் என்று உள்ளே போனதும் ஒருவரைக் காட்டிவிடுங்கள்.

மழை பெய்தால்? ரைடை நிறுத்திவிட்டால்?

லேசான தூறலில் பல ரைடுகள் ஓடும், கூட்டமும் கலைந்துவிடும், அதனால் மழைக்கோட்டோடு காத்திருப்பவருக்கு லாபம். மின்னல் அருகில் இருந்தால் வெளிப்புற ரைடுகள் எல்லாம் நிற்கும். பலத்த காற்றிலும் உயரமான கோஸ்டர்களை நிறுத்துவார்கள். முதல் ஏற்றத்துக்குப் பிறகு பல கோஸ்டர்கள் மோட்டார் இல்லாமல் கிடைத்த வேகத்திலேயே ஓடுகின்றன. எதிர்க்காற்று அந்த வேகத்தைத் தின்றுவிட்டால் அடுத்த மேட்டை ஏற முடியாமல் பள்ளத்தில் நின்றுவிடும்.

பல பூங்காக்கள் மழைக்காகப் பணத்தைத் திருப்பித் தருவதில்லை, சில இடங்களில் வேறொரு நாள் வர அனுமதிச் சீட்டுத் தருவார்கள். வரிசையில் நிற்கும்போதே ரைடு பழுதானால், பிறகு விரைவு வழியில் ஏற ஏதாவது சீட்டு உண்டா என்று கேட்டுவிட்டு நகருங்கள். சும்மா வெளியேறினால் யாரும் கூப்பிட்டுத் தர மாட்டார்கள்.

இத்தனை செய்தும் அவருக்கு முன்பே தெரிந்துவிட்டால்?

மறுக்காதீர்கள். தெரிந்துகொண்ட பிள்ளையிடம் இல்லவே இல்லை என்று சாதித்தால், அது நம்பிவிடும் ஆபத்தும் உண்டு. பல நாள் ஏமாற்றத்தோடு இருந்துவிட்டுப் பூங்காவுக்கு வருவது சர்ப்ரைஸ் ஆகாது. ஆமாம் என்று ஒப்புக்கொண்டு, தேதியையும் யார் வருகிறார்கள் என்பதையும் மட்டும் மறைத்துவையுங்கள். இனி ஒளித்துச் செய்ய வேண்டியதில்லை என்பதால் உயரத்தை அவர் முன்னாலேயே இன்னொரு முறை அளங்கள், வரைபடத்தைக் கையில் கொடுத்து முதல் மூன்று ரைடுகளை அவரையே குறிக்கச் சொல்லுங்கள், ஷூவையும் அவரே எடுத்து வைக்கட்டும்.